மூணு மூலை ஸ்கார்ஃப்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிய ஒரு சரிவில் அந்த மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் இரண்டு பேரிக்காய் மரங்கள், அவ்வளவுதான்.

அங்கே இருந்தவர் பெயர் வேலப்ப சாமி. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நூல்சாமி என்றால்தான் தெரியும். எப்போது பார்த்தாலும் மடியில் ஒரு கம்பளி நூல் உருண்டை, கையில் நுனி கொக்கியாக வளைந்த ஒரு குரோஷா ஊசி. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் இருக்கும் குழந்தைகளுக்குக் குல்லாய் பின்னிக்கொண்டிருப்பார். கடவுள் உண்டா, மறுபிறவி உண்டா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் ஒரு நூல் சிட்டத்தைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க, சுத்திக்கிறேன்" என்பார். சுற்றி முடிப்பதற்குள் பாதிப் பேர் கேள்வியை மறந்துவிடுவார்கள்.

வேதநாயகி அங்கே வந்தபோது அவளுக்கு அறுபத்து நான்கு வயது. ஈரோட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாமியைவிடப் பதினான்கு வயது மூத்தவள். சாமி அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். மூன்று வருஷமாக மடத்தில் இருந்தாள். காலையில் வாசல் பெருக்குவாள், தியானத்துக்கு உட்காருவாள், சமையலுக்குக் காய் நறுக்குவாள். சாமியிடம் எதுவும் கேட்டதில்லை.

ஒரு ஐப்பசி மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு நேராக சாமியிடம் வந்தாள்.

"சாமி, எனக்கு இதைக் கத்துக்குடுங்க."

"எதை?"

"இந்தப் பின்னல்."

"யாருக்கு?"

"என் தங்கைக்கு. குன்னூர்ல இருக்கா. கழுத்துல ஆபரேஷன் ஆயிருக்காம். தைராய்டு. தழும்பு தெரியுதுன்னு புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கிட்டே இருக்காளாம். சித்தப்பா பொண்ணு எழுதியிருக்கா."

"குன்னூர்தானே. பஸ்ல போனா ஒரு மணி நேரம். போய்ப் பாத்தீங்களா?"

"ஒரு ஸ்கார்ஃப் பின்னி எடுத்துக்கிட்டுப் போகலாம்னு."

சாமி தடித்த அரக்கு நிறக் கம்பளி நூலாக ஒரு உருண்டை எடுத்தார். நூலின் நுனியில் ஒரு சுருக்குப் போட்டார். அதற்குள் ஊசியை விட்டு நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தார். ஒரு கண்ணி விழுந்தது. இன்னும் இரண்டு போட்டார்.

"மூணு. இது ஒரு மூலை. இங்கிருந்து ஆரம்பம். திரும்பி வரும்போது முதல்ல ஒரு கண்ணி கூட்டுங்க, கடைசியில ஒண்ணு கூட்டுங்க. அடுத்த வரிசையும் அப்படித்தான். தானா மூணு மூலையா விரிஞ்சுக்கும்."

"மொத்தம் எத்தனை வரிசை?"

"எனக்குத் தெரியாதே."

"பின்னே எப்படிப் போடறது?"

"முதல் வரிசைக்கப்புறம் ரெண்டாவது வரிசை."

வேதநாயகி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்றாம் வரிசை மூன்று. இரண்டாம் வரிசை ஐந்து. மூன்றாம் வரிசை ஏழு. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு டிக் போட்டாள். முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் எடுத்த கை.

பத்து நாளில் இருபத்தொன்பது வரிசை வந்துவிட்டது. சாமி எடுத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது.

மறுநாள் பார்த்தால் அவள் கையில் மறுபடி மூன்று கண்ணிதான் இருந்தது. பக்கத்தில் சுருள்சுருளாக நூல்.

"என்னாச்சு டீச்சரம்மா?"

"பதினொண்ணாவது வரிசையில ஒரு கண்ணி விட்டுப்போச்சு. பிரிச்சுட்டேன்."

குரோஷாப் பின்னலைப் பிரிப்பது சுலபம். ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் போதும். பத்து நாள் வேலை பத்து நிமிஷத்தில் அவிழ்ந்துவிடும்.

கார்த்திகையில் இரண்டு தடவை பிரித்தாள். மார்கழி பிறந்ததும் இன்னொரு தடவை. கை பழகியதில் வேகம் கூடியது, பிரிப்பதும் கூடியது. ஒரு தடவை ஓரம் கோணியிருக்கிறது என்றாள். ஒரு தடவை இழுப்பு ஒரே சீராக இல்லை என்றாள். ஒவ்வொரு தடவையும் இருபது வரிசையைத் தாண்டியதும் ஏதாவது ஒரு குறை கண்ணில் பட்டுவிடும். பிரித்துப் பிரித்து நூல் மெலிந்து, ரோமமெல்லாம் எழும்பிவிட்டது.

"நூல் களைச்சுப் போச்சு" என்றார் சாமி.

"நல்லதா ஒண்ணு குடுக்கணுமில்லையா சாமி."

சாமி தலையை ஆட்டிவிட்டுக் குல்லாயைத் தொடர்ந்தார்.

மார்கழி மத்தியானங்களில் பேரிக்காய் மரத்தடியில் கொஞ்சம் வெயில் விழும். இருவரும் அங்கே உட்கார்ந்து பின்னுவார்கள். அப்படி ஒரு மத்தியானம், கை ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேதநாயகி தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"எங்கப்பா மலை ரயில்ல ஸ்டேஷன் மாஸ்டர். நடுக் காட்டுல ஒரு சின்ன ஸ்டேஷன். ஒரு குவார்ட்டர்ஸ், எங்க வீடு மட்டும்தான். ஒரு நாளைக்கு ரெண்டு வண்டி. மீதி நேரமெல்லாம் பனியும் குரங்கும்தான்."

"ஸ்கூல்?"

"தண்டவாளத்தோட நடந்து போகணும். ரெண்டு மைல். எனக்குப் பதினொண்ணு, லோகுவுக்கு அஞ்சு. லோகநாயகின்னு பேரு. பச்சைக் கலர்ல ஒரே ஒரு மப்ளர்தான் இருந்தது வீட்டுல. அம்மா பின்னினது. நூல் ஒண்ணுக்குத்தான் போதுமா இருந்தது. போறப்ப எனக்கு, வர்றப்ப அவளுக்கு. ஆனா நடுவுல ஒரு சுரங்கம் வரும். அவளுக்கு இருட்டுன்னா பயம். அதனால உள்ள நுழையறப்ப மப்ளரோட ஒரு முனையை அவ கையில குடுத்துடுவேன். நான் முன்னால நடப்பேன். அவ பிடிச்சுக்கிட்டுப் பின்னாலேயே வருவா. 'அக்கா இருக்கியா, அக்கா இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே வருவா. 'இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே போகணும். ஒரு தடவை சொல்லலேன்னா அப்படியே நின்னுடுவா."

அவள் சிரித்தாள். மடத்துக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து சாமி பார்த்ததில்லை.

"சுவரெல்லாம் தண்ணி ஒழுகும். நீராவி எஞ்சின் போன கரிவாசம் அப்படியே நிக்கும். வெளிய வந்ததும் அவ மூக்கு நுனியில கரி இருக்கும். இன்னிக்கும் ஏதாவது எரியற வாசம் வந்தா எனக்கு அந்த மூக்குதான் ஞாபகம் வரும்."

ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி, இது எப்பத்தான் முடியும்?"

சாமி குல்லாயை மடியில் வைத்தார்.

"எனக்கு இதைக் கத்துக்குடுத்தவர் துரைக்கண்ணுன்னு ஒரு பட்டாளத்துக்காரர். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. மில்லுல பஞ்சுத் தூசி குடிச்சு நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில கிடந்தேன். பக்கத்துக் கட்டில் அவருது. ஊர்ல இருக்கிற சம்சாரத்துக்கு இதே மாதிரி மூணு மூலை ஸ்கார்ஃப்தான் போட்டுக்கிட்டிருந்தார். ஒரு நாளைக்கு ரெண்டு வரிசை. அதுக்கு மேல மூச்சு இருக்காது. போட்டு முடிச்சதும் எடுத்துத் தன் தோள்ல போட்டுக்கிட்டு, 'தம்பி, இன்னிக்கு முடிஞ்சுபோச்சு' அப்படின்னுவார். மறுநாள் காலையில எடுத்து இன்னும் ரெண்டு வரிசை. சாயங்காலம் மறுபடியும், 'முடிஞ்சுபோச்சு'."

"அதெப்படி? தினமும் எப்படி முடியும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். சிரிச்சார். ஒரு புதன்கிழமை விடிகாலையில போய்ட்டார். சம்சாரம் சாமானெல்லாம் வாங்கிட்டுப் போக வந்திருந்தாங்க. நர்ஸம்மா வந்து நூலை அறுத்துக் கடைசிக் கண்ணிக்குள்ள விட்டு இழுத்து, அந்த ஸ்கார்ஃபை அவங்ககிட்ட குடுத்தாங்க. அந்தம்மா அங்கேயே தலையில கட்டிக்கிட்டாங்க."

வேதநாயகி ஊசியை நிறுத்தினாள்.

"பாவம்" என்றாள். மறுபடி பின்னத் தொடங்கினாள்.

தை மாதம் ஏழாம் தேதி இரண்டாவது கடிதம் வந்தது. அதே சித்தப்பா பெண் எழுதியிருந்தாள். லோகநாயகி குன்னூர் வீட்டைக் காலி செய்கிறாள். மகன் நாக்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். பத்தொன்பதாம் தேதி ரயில். இனிமேல் அங்கேதான்.

மறுநாள் காலை சாமி சமையல்கட்டுப் பக்கம் போனபோது வேதநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருபத்தொன்பது வரிசை. ஊசியை உருவிவிட்டு, நூலைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

"டீச்சரம்மா."

"ஒரு கண்ணி விட்டுப்போச்சு சாமி. வேகமாப் போட்டா பத்து நாள்ல முடிச்சுடுவேன். பத்தொன்பதாம் தேதிக்குள்ள முடிச்சுடுவேன்."

"எங்க விட்டுப்போச்சு?"

"இங்க."

சாமி குனிந்து பார்த்தார்.

"எங்க?"

அவள் துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒவ்வொரு வரிசையாக விரலால் தடவிக்கொண்டு போனாள். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

ஒரு கண்ணியும் விட்டுப்போகவில்லை.

ஸ்கார்ஃபை மடியில் போட்டாள்.

"பதினோரு வருஷமா நாங்க பேசிக்கலை சாமி."

சாமி எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா என்கிட்டதான் இருந்தா. ரெண்டு வருஷம் படுக்கை. குளிப்பாட்டறது, துடைக்கிறது, ஊட்டறது, எல்லாம் நான்தான். லோகு வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவா. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருவா. அவளைப் பாத்ததும் அம்மா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம் வரும். என்னைப் பாத்து அந்த முகம் அப்படி ஆனதே இல்லை. நான்தான் எப்பவும் எதிர்லேயே இருக்கேனே."

நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"கடைசி ஒரு வாரம் டாக்டர் சொல்லிட்டார், யாருக்குச் சொல்லணுமோ சொல்லிடுங்கன்னு. அம்மா கண்ணைத் திறக்கிறப்பெல்லாம், 'லோகு வந்தாளா?'ன்னு கேட்டா. நான், 'வந்துக்கிட்டு இருக்கா'ன்னு சொன்னேன். தந்தி குடுக்கலை. போஸ்ட் ஆபீஸ் எங்க தெருவுலேயே இருக்கு. ஏழு நாள். ஏழு நாளும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன். குடுக்கலை. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் குடுத்தேன். அவ வந்து சேர்ந்தப்ப மயானத்துலேர்ந்து ஆம்பளைங்க திரும்பியாச்சு."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு வாரம் முன்னாடியே சொல்லியாச்சுன்னு வர்ற வழியில டாக்டர் சொல்லியிருப்பார் போல. வாசல்லேயே நின்னு ஒரே ஒரு தடவை என்னைப் பாத்தா. உள்ள வரலை. அப்படியே திரும்பிப் போய்ட்டா. அதுதான் கடைசி."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சாமி எழுந்து இறக்கி வைத்தார். வருகிற வழியில் ஆணியில் மாட்டியிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். அவள் மடியிலிருந்த ஸ்கார்ஃபைக் கையில் எடுத்து, நூலை ஒரு சாண் விட்டு அறுத்தார். அறுந்த முனையைக் கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்கினார்.

வேதநாயகி எழுந்துவிட்டாள். முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டு அறுத்தீங்க? இன்னும் பாதிகூட ஆகலை!"

சாமி ஸ்கார்ஃபை உதறி அவள் தோளில் போட்டார். விலகி நின்று பார்த்தார்.

"மூணு மூலையும் இருக்கு" என்றார்.

"சாமி..."

"கிளம்புங்க."

அவள் நின்றாள். ஈரோட்டுப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் அவள் முன்னால் அப்படி நின்றிருப்பார்கள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஸ்கார்ஃபை ஒரு செய்தித்தாளில் சுற்றினாள். சாமியிடம் சொல்லிக்கொள்ளாமலே சரிவில் இறங்கினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தாள். சாமி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து, ஒரு காயை எடுத்து நாரை உரித்தாள். அந்தக் காய் முடிந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

"வீட்டுல இருந்தாங்களா?"

"இருந்தா. கதவைத் திறந்தா. வான்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை. கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுட்டு உள்ள போனா. நானும் பின்னாலேயே போனேன். வீடெல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்கு. உக்கார நாற்காலி இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி மேல உக்காந்தேன்."

"ம்."

"இளைச்சுப்போயிருக்கா சாமி. தலையெல்லாம் வெள்ளை. என் கண்ணுல அவ அஞ்சு வயசாவே இருந்திருக்கா போல. யாரோ ஒரு கிழவி நிக்கறான்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்."

சாமி கத்தியை நிறுத்தவில்லை.

"பொட்டலத்தைக் குடுத்தேன். பிரிக்கலை. கையில வச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'அம்மா என்னைக் கேட்டாளா?'ன்னு."

"என்ன சொன்னீங்க?"

"பஸ்ல போறப்பவே நினைச்சுக்கிட்டேன், அதைக் கேட்டா என்ன சொல்றதுன்னு. அம்மாவுக்கு ஞாபகமே இல்லை, மயக்கத்துலேயே இருந்தான்னு சொல்லிடலாம்னு. அவளுக்கும் அதுதான் நல்லதுன்னு. ஆனா அவ நேரா பாத்துக் கேட்டப்ப சொல்ல வரலை. 'கேட்டா, லோகு. ஏழு நாளும் கேட்டா'ன்னு சொல்லிட்டேன். 'நீ என்ன சொன்னே?'ன்னா. 'வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன்.' 'எனக்கு ஏன் தந்தி குடுக்கலை?' 'உன்னையே கேட்டாளேன்னு.' அவ்வளவுதான் சொன்னேன். மன்னிச்சுக்கோன்னு சொல்லணும்னு வாயைத் திறந்தேன். அவ எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போய்ட்டா. கதவைச் சாத்திக்கிட்டா. குழாயைத் திறந்து விட்டுட்டா. தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. பாத்திரம் கழுவற சத்தம் இல்லை. தண்ணி மட்டும்தான்."

மலைக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கிவிட்டது. காற்று குளிர ஆரம்பித்தது.

"ரொம்ப நேரம் ஆச்சு. போயிடலாமான்னு பாத்தேன். எந்திரிச்சு நின்னேன். அப்ப வந்தா. மூஞ்சி கழுவியிருந்தா. பொட்டலத்தைப் பிரிச்சா. அந்த ஸ்கார்ஃபை எடுத்துக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டா. தழும்பு மறைஞ்சுது. ரெண்டு முனையையும் முன்னால இழுத்து முடிச்சுப் போடப் பாத்தா. முனையும் முனையும் ஒட்டுது, ஆனா முடிச்சு விழலை. ரெண்டு மூணு தடவை இழுத்துப் பாத்தா. அப்புறம் ரெண்டு முனையையும் கையாலேயே பிடிச்சுக்கிட்டு, 'நீளம் பத்தலைக்கா'ன்னா."

அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாள் போட்டுப் போட்டுப் பிரிச்சேன். கடைசியில அரைகுறையாக் கொண்டுபோய்க் குடுத்து, முடிச்சுகூடப் போட முடியலை. 'சரி, வரேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ வாசல்வரைக்கும் வந்தாளான்னுகூடத் திரும்பிப் பாக்கலை."

சாமி நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளினார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வரும்போது, காலையில் அறுத்த நூலின் மீதி உருண்டை கையில் இருந்தது. ஊசியை அதில் குத்தி வைத்திருந்தார். அவள் மடியில் வைத்தார்.

வேதநாயகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஸ்கார்ஃப் அவகிட்டல்ல இருக்கு" என்றாள்.

"ஆமா."

"இதை வச்சுக்கிட்டு நான் இங்க என்ன பண்றது?"

"இங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் உருண்டையைக் கையில் எடுத்தாள். ஊசியை உருவி மறுபடி குத்தினாள்.

"சாமி, அவ என்னை மன்னிச்சாளா, இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும் டீச்சரம்மா" என்றார் சாமி. "காலைல ஏழரைக்கு ஒரு பஸ் இருக்கு."